ஓடைக்கரையில் ஓர் இரவு

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்கள் ஆலய முற்றத்து மர நிழலில் சற்று நின்று பேசிக்கொண்டிருந்தோம். மந்தைவெளியில் குடியிருக்கும் குடும்பம் ஒன்று. மகள் கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள். தாயின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு அவள் நம்மிடம் வந்தாள்.

"மாமா, நீங்களாவது அம்மாவிடம் சொல்லுங்கள். என் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் அடித்து ஒரே ஓர் இரவு தங்கப் போகிறார்கள். என்னை மட்டும் போகக் கூடாது என்கிறார்."

தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "குரங்கணிச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மலை என்றாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது அண்ணா. இவளுக்கு அப்போது பதினொரு வயது. இவளுக்கு என்ன தெரியும்?"

மரத்தடியில் நின்றபடி 'போகட்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு சொல்லில் விடை கூற நமக்கு மனம் வரவில்லை. பெண்ணின் ஆசையும் நியாயமானது. தாயின் அச்சமும் நியாயமானது. நான்கு சுவர்களுக்குள்ளும், கைப்பேசியின் சிறு கண்ணாடிக்குள்ளும் வளரும் நம் பிள்ளைகள் ஓடும் நீரின் ஒலியைக் கேட்டவாறு ஓர் இரவு உறங்கி எழுவது நல்லதே. ஆயின் ஓடைக்கரை என்பது யாருடைய இடம் என்று அறியாமல் அங்கே பாய் விரிப்பது நல்லதன்று. இதை நாம் ஏட்டில் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒரு சமையற்பாத்திரத்தையும் மூன்று சோடிச் செருப்புகளையும் ஆற்றுக்குக் கொடுத்து அறிந்துகொண்டோம்.

வெள்ளம் விரித்த படுக்கை

சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், இரு குடும்பங்களாக ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையிலுள்ள நாகலாபுரம் மலைப்பக்கம் சென்றோம். பிள்ளைகள் ஐவர், பெரியவர்கள் நால்வர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்று நமக்கு எழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மாலை நான்கு மணிக்கு ஓர் ஓடையை அடைந்தோம். கணுக்கால் அளவே நீர். பளிங்கு போன்ற அந்நீரில் கெண்டைக் குஞ்சுகள் ஓடின. கரையோரம் வெண்மணல், வீட்டில் மெத்தை விரித்ததுபோல் சமமாகப் பரந்திருந்தது. அதைவிட நல்ல இடம் கிடைக்குமோ என்று அங்கேயே கூடாரத்துக்கு முளையடித்தோம்.

இருட்டும் வேளையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு முதியவர் அவ்வழியே வந்தார். கூடாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு, எல்லைப்புறத்தாருக்கே உரிய தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சில், "சாமி, பிள்ளைங்களை வச்சிக்கினு ஈட படுக்காதீங்க. இது ஏரு போற தாவு" என்றார். மழை இல்லையே, வானம் தெளிவாக இருக்கிறதே என்றோம். அவர் மேற்கே மலையுச்சியைக் காட்டினார். அங்கே ஒரு கருமை தெரிந்தது, அவ்வளவுதான். மாடுகள் முன்னே போய்விட்டன, அவரும் போய்விட்டார்.

கட்டிய கூடாரத்தைப் பிரிப்பதா என்று ஆண்கள் இருவரும் முணுமுணுத்தோம். பெண்கள்தாம் பிடிவாதமாக நின்றார்கள். ஒரு மணி நேரம் சிரமப்பட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேலிருந்த பாறைத்திட்டுக்கு எல்லாவற்றையும் ஏற்றினோம். அலுப்பில் சில பொருள்களைக் கீழேயே விட்டுவிட்டோம். நள்ளிரவு கடந்தபின் ஓர் ஓசை கேட்டு விழித்தோம். லாரி ஒன்று சரளைக்கல்லைக் கொட்டுவது போன்ற ஓசை. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், வெண்மணலைக் காணோம். மாலையில் நாம் முளையடித்த இடத்தில் இடுப்பளவுச் செந்நீர் கிளைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு ஓடியது. நாம் இருந்த இடத்தில் அப்போதும் ஒரு துளி மழை இல்லை. விடியும்வரை பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு செபமாலை சொல்லியவாறு அமர்ந்திருந்தோம்.

அந்த முதியவர் மட்டும் மாடுகளை வேறு வழியில் ஓட்டிச் சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றளவும் வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

அந்த மணல் அவ்வளவு சமமாக இருந்ததன் காரணம் பிறகுதான் நமக்கு விளங்கிற்று. அதை விரித்ததே வெள்ளந்தான். மலையோடைகளின் நீர்ப்பிடிப்பு நம் தலைக்கு மேலே பல கல் தொலைவில் இருக்கிறது. அங்கே பெய்யும் மழை, கற்பாறைச் சரிவில் ஊறி நிற்க மண் இல்லாமல், சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஓடைக்கரையில் தங்குவோர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது. கரையோரப் புதர்களில் வைக்கோலும் சருகும் சிக்கிக் காய்ந்து தொங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுவே சென்ற வெள்ளம் எழுதி வைத்த குறி. அக்குறிக்கு மேலேதான் படுக்கை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வந்தாலும், நீரின் ஓசை மாறினாலும், பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இது ஏதோ காட்டு விவகாரம் என்று மயிலையிலும் அடையாற்றிலும் வாழும் நம்மில் எவரும் நினைக்க இயலாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு தன் பழைய படுகையை மீட்டுக்கொண்ட கோலத்தைச் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் கண்டன. ஆண்டு முழுவதும் மெலிந்து கிடக்கும் ஆறு ஓர் இரவில் வீடுகளுக்குள் புகுந்தது. அந்நாட்களில் பள்ளிக்கூடங்களிலும் ஆலய மண்டபங்களிலும் உணவுப் பொட்டலம் கட்டிய கைகள் இவ்விதழைப் புரட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

நமக்கு முன்னே முகாமிட்டோர்

சென்னையிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி என்றோர் ஊர் உண்டு. பூண்டி என்றதும் தஞ்சைப் பக்கத்து மாதா திருத்தலம் நம் குடும்பத்தினர் நினைவுக்கு வரும், இது அதுவன்று. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, மாநகர மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் நீர்த்தேக்கம் அமைந்த ஊர் இது. மயிலாப்பூரில் நம் வீட்டுக் குழாயில் வரும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதே. ஆயினும் நம்மில் எத்தனை பேர் அவ்வூரைக் கண்டிருப்போம்?

பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர். 1863-ஆம் ஆண்டு, இந்திய நிலவியல் துறையைச் சார்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் மே மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்து ஓடைப்பக்கம் ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். 1999 முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே முறையாக அகழ்ந்து ஆய்ந்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர். அதாவது ஓடைக்கரையில் தங்கும் ஆசை நம் கல்லூரி மாணவியர் கண்டுபிடித்த புதுமை அன்று. மனித குலத்தின் மிகத் தொன்மையான பழக்கம். குடிக்க நீரும், கருவி செய்யக் கல்லும், நீர் பருக வரும் விலங்கும் ஒருங்கே கிடைக்கும் இடத்தை அம்மக்கள் தேர்ந்தனர்.

அதிலும் ஒரு வியப்பு. அம்மிகப் பழைய கருவிகள் கிடைத்தது களிமண் படிவுகளில். வெள்ளநீர் கரை கடந்து பரவி, மெல்ல வடிந்து, விட்டுச் சென்ற வண்டலே அக்களிமண். அவர்கள் விட்டுச் சென்ற கற்களை வெள்ளம் மூடியதாலேயே நமக்கு அவை கிடைத்தன. மேட்டுக்கு ஏறச் சொல்ல அவர்களுக்கும் ஒரு மாட்டுக்காரர் இருந்தாரோ என்னவோ!

அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத அல்லிக்குழி மலைக்காட்டில் குடியம் குகைகள் உள்ளன. குகை எனினும் இருண்ட சுரங்கமன்று; யானைக் கூட்டம் நின்று இளைப்பாறக்கூடிய அகன்ற பாறைத் தாழ்வாரம். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு நடத்தினர். குகையின் கூரையை அண்ணாந்து பார்த்தால் உருண்டைக் கூழாங்கற்கள் சுண்ணாம்புச் சுவரில் பதித்தவைபோல் நெருக்கமாகப் பதிந்திருக்கும். அவையும் என்றோ ஓடிய பேராறு உருட்டி வந்தவையே. வழியெங்கும் காலடியில் அதே கற்கள். கணுக்கால் பிசகாமல் நடக்க நல்ல காலணி வேண்டும்.

நீரும் நெருப்பும் விட்டுவைத்த வாரங்கள்

அத்தாயின் அச்சத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலை சென்று இறங்கிக்கொண்டிருந்தோரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. காயமுற்று மருத்துவமனையில் பின்னர் இறந்தோரையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. பலர் சென்னையில் பணிபுரிந்த இளம் வயதினர், பெண்களே மிகுதி. அச்செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்து போகவும் நமக்கு மனமில்லை, விரித்துரைக்கவும் மனமில்லை. அறிய வேண்டியதை மட்டும் சொல்வோம். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து பஞ்சுபோல் கிடக்கும். காற்றோடு சேர்ந்த தீ சரிவில் கீழிருந்து மேலாக ஏறும்போது மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சிவிடும். அக்காலத்தில் அங்கே இருப்பதே ஆபத்து; துணிவும் திறமையும் அதற்கு மாற்றாகா.

அவ்விபத்துக்குப் பின் தமிழக அரசு வனப்பகுதியில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018-இலேயே விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் தங்குவதும் சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் தேர்ந்து, முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் அமைந்த திட்டம் ஒன்றை அரசு தொடங்கிற்று. வழிகாட்டிகள் அவ்வக்காட்டை ஒட்டி வாழும் ஊர்களையும் பழங்குடிகளையும் சார்ந்தோர். குடியம் குகை வழியும் அந்நாற்பதில் ஒன்று. தீக்காலமாகிய கோடைத் தொடக்கத்தில் வழிகளை மூடிவிடுகிறார்கள். இதற்கு முணுமுணுக்கும் இளைஞர்கள் உண்டு. நாம் முணுமுணுக்க மாட்டோம்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் பக்கத்து ஓடைகளில் நீர் நிறைந்திருக்கும், வெள்ள அபாயமும் நிறைந்திருக்கும். பிப்ரவரி நடுவில் தொடங்கிப் புல் காய்ந்துவிடும். ஓடையும் வற்றிவிடும், தீயின் காலம் பிறக்கும். ஆக, நீரும் நெருப்பும் நமக்கென்று விட்டுவைத்தவை பொங்கலை ஒட்டிய நான்கைந்து வாரங்கள்தாம். பள்ளிக் கோடை விடுமுறையில்தான் போவோம் என்று அடம்பிடிப்பவர்கள் கடற்கரைக்குப் போகலாம்.

குடியம் வழி பகல் நடைக்கு மட்டுமே உரியது. இரவும் தங்க வேண்டும் என்பவர்களுக்குக் கோவை மாவட்டத்தில் ஓரிடம் சொல்வோம். காரமடைக்கு மேற்கே, பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் பரிசல் பயணமும், அவ்வூர்ப் பெண்கள் சமைத்துப் பரிமாறும் உணவும் பெயர் பெற்றவை. அருகே பூச்சமரத்தூரில், பவானிக் கரையில், இரவு தங்க எளிய குடில்கள் அமைத்தார்கள். ஆடம்பரம் எதுவும் இல்லை. இருட்டும் ஆற்றொலியும் உண்டு. யானை நடமாடும் காடு அது. ஆகவே சொன்ன நேரத்துக்குப் பின் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. முன்பதிவு செய்து, அந்த வாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும்.

மொட்டைமாடியில் பள்ளிக்கூடம்

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் அத்தாயிடமும் மகளிடமும் கூறினோம். தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போகிறதானால் நானும் வருவேன். முதலில் நம் மொட்டைமாடியில் ஓர் இரவு படுக்கட்டும்" என்றார். மகள் சிரித்தாள். நமக்கோ அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. சாரணர் இயக்கம் இதைத்தானே செய்தது! 1907-இல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் சுமார் இருபது சிறுவரோடு முதல் முகாமை நடத்தினார். இந்தியச் சிறுவர்களுக்கென 1916-இல் இதே சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் சாரணர் சங்கம் தொடங்கினார். அடையாற்றில் அவர் பெயரால் விளங்கும் சாரணர் முகாமில் கயிறு முடியவும் கூடாரம் நிறுத்தவும் கற்றுக்கொண்டோர் நம் குடும்பங்களிலேயே பலர் இருப்பர். காட்டுக்குப் போகுமுன் நகரத்திலேயே கற்றுக்கொள்ளும் இடம் அது.

மந்தைவெளி மொட்டைமாடியில் ஓர் இரவிலேயே பல உண்மைகள் தெரிந்தன. இரவல் கூடாரத்தின் வலைக்கதவு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கொசுவைவிட அது பெரிய காரியம். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த வலிகூடப் பலருக்குத் தெரிவதில்லை. வாயில் முழுதும் மூடும் கூடாரம் அதற்குக் கவசம். காலையில் செருப்பை உதறிவிட்டே அணிய வேண்டும். இருட்டில் விளக்கின்றி ஓரடியும் வைக்கக் கூடாது. கடிபட்டால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தீமையே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைவதொன்றே வழி. நச்சுமுறி மருந்து செய்வதற்கான நஞ்சில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து சென்றிருக்கிறது என்று நாம் கூறியபோது மகள் வியந்தாள். முதலைப் பண்ணை பார்க்கப் பள்ளியிலிருந்து போன அன்று அவள் அதைக் கண்டிருக்கிறாள். பொருள் அன்று விளங்கவில்லை.

விறகு மூட்டிச் சமைக்கும் ஆசையைத் தாய் முதலிலேயே துண்டித்துவிட்டார். புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் மறுநாள் காலைவரை தாங்கும். காட்டில் தீக்குச்சியே தேவையில்லை. ஓடைநீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கலாகாது என்பதால் வீட்டு நீரையே சுமப்பதென்று முடிவாயிற்று. ஆளுக்கு மூன்று லிட்டர். சோப்பை வீட்டில் விட்டுவிடுவது. மலம் கழிக்க ஓடையிலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளி, சாண் ஆழக் குழி தோண்டி மூடுவது. கிறிஸ்தவப் பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவது என்று முகம் சுளிப்போர் உண்டெனில், அந்நீரையே கீழே நாம் குடிக்கிறோம் என்பதை நினைவூட்டுகிறோம்.

இன்னொன்றை மருத்துவர் ஒருவர் சொல்லச் சொன்னார். புதர்க்காட்டில் அமர்ந்தோ படுத்தோ வந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போன செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல் நம் மாவட்டங்களில் உண்டு. கடித்த இடத்தில் சுட்ட வடுபோல் கரும்பொருக்கு ஒன்று இருக்கலாம். உரிய மருந்து எளியது. அறியாமல் காலம் கடத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, முறைப்படி பதிவு செய்து, தாயும் மகளும் தோழியர் மூவரும் நாமுமாகக் குடியம் சென்றோம். குகையின் மேற்புறம் பாறைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கக்கூடும் என்று வழிகாட்டி சொன்னதால் எல்லோரும் ஆலயத்தில் நுழைவதுபோல் அமைதியாக நுழைந்தார்கள். தாய் வெகுநேரம் கூரைக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகையில் அத்திரம்பாக்கத்து ஓடையருகே வண்டியை நிறுத்தினோம். மகள் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அங்கே எதையும் எடுத்து வரலாகாது என்று முன்பே சொல்லியிருந்தோம். ஓடையில் நீர் மெலிந்து ஒரு கோடாக ஓடியது. கரையில் ஒரு மணல்திட்டு, சமமாக, வெண்மையாக.

"அம்மா, இங்கே படுக்கலாமா?" என்றாள் மகள், விளையாட்டாக.

தாய் விடை கூறாமல் கரைப்புதர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு கருவேலஞ் செடியருகே நின்றார். அதன் முட்களில், அவர் தோள் உயரத்துக்கு, காய்ந்த வைக்கோல் கற்றை ஒன்று சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார்.

"இங்கேயா அம்மா?"

"இன்னும் மேலே" என்றார், திரும்பிப் பாராமல்.